பென்ஷனும் உதவித்தொகையும் மாறப்போகிறதாமே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாட்டு அரசாக இருந்தாலும் சரி, ஓய்வூதியத்தையும் நல உதவிகளையும் மாற்றப்போகிறோம் என்று அறிவித்த மறுநாள் எழுகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இப்படிப்பட்ட அறிவிப்புகளை வரிவரியாகப் படிப்பது எனக்குப் பழக்கம். படித்தவரையில் சொல்கிறேன்: தலைப்பில் கொட்டை எழுத்தில் வரும் எண் பெரும்பாலும் ஆளை அடிப்பதில்லை. உள்ளே ஏதோ ஒரு பத்தியில் இருக்கும் தேதியும், தொகை எதைப் பார்த்து ஏறும் என்ற வாசகமும்தான் அடிக்கும்.

கேள்வி: அரசு அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே என் தொகை குறைந்துவிடுமா?

அநேகமாகக் குறையாது. அமைச்சர் பேட்டியில் சொல்வது ஒன்று. கருத்துக் கேட்பு அறிக்கையாக வெளியிடுவது இன்னொன்று. மசோதாவாகத் தாக்கல் செய்வது மூன்றாவது. அது நிறைவேறி, விதிகள் அரசிதழில் வருவது கடைசி. நான்குக்கும் செய்தித்தாளில் ஒரே தலைப்புதான் வரும்: "பென்ஷன் மாறுகிறது".

நடுவில் எவ்வளவோ நடக்கும். ரஷ்யாவில் 2018 ஜூனில் வந்த மசோதா, பெண்களின் ஓய்வு வயதை 55இலிருந்து 63ஆக உயர்த்தியது. தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆகஸ்டில் புடினே தொலைக்காட்சியில் தோன்றி 60 போதும் என்றார். பிரிட்டனில் 2025 ஜூலை 1 அன்று, மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கான தகுதியை இறுக்கும் பிரிவை, நாடாளுமன்ற வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு அரசே கைவிட்டது. சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததுதான் காரணம். பிரான்ஸில் சட்டமே ஆன பிறகும் ஆட்டம் ஓயவில்லை. ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. 2025 அக்டோபரில் பிரதமர் அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை.

கேள்வி: அப்படியானால் கவலைப்படாமல் சும்மா இருந்துவிடலாமா?

சும்மா இருக்கச் சொல்லவில்லை. திரும்பப் பெற முடியாத காரியம் எதையும் தலைப்புச் செய்தியை நம்பிச் செய்யாதீர்கள் என்கிறேன். பதற்றத்தில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுப்பது, சேமநிதியை முழுதாக எடுத்துவிடுவது, பென்ஷனில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்வது (கம்யூட்டேஷன்) எல்லாம் இந்த வகை. மசோதா மாறிவிடும்; நீங்கள் போட்ட கையெழுத்து மாறாது.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை என்கிறார்களே, நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொண்டு.

பொதுவாக அரசுகள் ஒரு தேதியில் கோடு கிழித்து, அதற்குப் பின் வருபவர்களுக்கு மட்டும் புதிய விதி என்று வைக்கும். வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு ஓட்டு உண்டு, இன்னும் வேலையிலேயே சேராதவர்களுக்குக் கோபம் வர இன்னும் முப்பது வருடம் ஆகும். அரசியல் கணக்கு அவ்வளவுதான். இந்தியாவில் மத்திய அரசுப் பணியில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்கள் புதிய பங்களிப்புத் திட்டத்துக்குப் போனார்கள், அதற்கு முன் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்திலேயே இருந்தார்கள். டென்மார்க்கில் ஓய்வு வயது 70 என்று 2025இல் முடிவானது, 1970க்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான்.

ஆனால் முதலாவது, இந்தக் காப்பு சில சமயம் உங்களுக்கு இல்லை, உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கோப்புக்குத்தான். முகவரி மாறியது, துணைவர் இறந்தார், மூன்று மாதம் வேலைக்குப் போய் உதவி நின்று மறுபடி விண்ணப்பித்தீர்கள் என்றால், அரசின் கண்ணில் நீங்கள் புதிய விண்ணப்பதாரர் ஆகிவிடலாம். "தற்போதைய பயனாளிகள்" என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, நெருக்கடிக் காலம். 2010க்குப் பிந்தைய கடன் நெருக்கடியில் கிரீஸ், மக்கள் கையில் வாங்கிக்கொண்டிருந்த ஓய்வூதியங்களையே பலமுறை வெட்டியது. ஸ்வீடனில் வெட்டுவதற்குத் தனி முடிவே தேவைப்படவில்லை. திட்டத்தின் சொத்தும் கடனும் சமனாகாவிட்டால் தொகை தானாகக் குறையும் ஏற்பாடு சட்டத்திலேயே இருந்தது. 2010இல் அது முதல்முறையாகச் செயல்பட்டது.

மூன்றாவது, கோடு கிழிக்கும் தேதியே நியாயமில்லாமல் போகலாம். அப்படி ஒரு தேதியைத்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் ரத்து செய்தது. 1979 மார்ச் 31ஐ ஒட்டி ஓய்வுபெற்றவர்களை இரண்டாகப் பிரித்து, பிந்தியவர்களுக்கு மட்டும் தாராளமான கணக்கு என்று வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு நாளைத்தான் ஓய்வூதியர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

கேள்வி: ஓய்வு வயதை இரண்டு வருடம் தள்ளினால் என்ன பெரிய நஷ்டம்? எல்லோருக்கும் ஆயுள் கூடிவிட்டதே?

எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 வயதில் தொடங்கி 85 வரை இருப்பவருக்கு 240 மாதப் பென்ஷன். தொடக்கத்தை 67க்குத் தள்ளினால் 216 மாதம். பத்து சதவீதம் போயிற்று. உடல் உழைப்பில் தேய்ந்து 75இலேயே இறந்துபோகிறவருக்கு 120 மாதம் 96 ஆகிறது. இருபது சதவீதம் போயிற்று. விதி ஒன்றுதான், சீக்கிரம் சாகிறவரிடம் இரண்டு பங்கு பிடிக்கிறது. கட்டுமானத் தொழிலாளியையும் மேசை வேலைக்காரரையும் ஒரே தட்டில் வைக்கும் எந்த வயது உயர்வையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இன்னொன்று, எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்பது. அமெரிக்கா 1983இல் சட்டம் போட்டு முழு ஓய்வு வயதை 65இலிருந்து 67ஆக உயர்த்தியது. ஆனால் அதன் சூடு 2000ஐ ஒட்டித்தான் தெரிய ஆரம்பித்தது, முழு 67 என்பது 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குத்தான். திட்டமிட அவகாசம் இருந்தது. சீனா 2025 ஜனவரி முதல் பதினைந்து வருடத்தில் சிறிது சிறிதாக ஆண்களுக்கு 60இலிருந்து 63க்குப் போகிறது. பிரிட்டனிலும் 1995லேயே சட்டம் போட்டார்கள், பெண்களின் வயது 60இலிருந்து 65க்குப் போகும் என்று. சட்டம் இருந்தது, ஆனால் 1950களில் பிறந்த பல பெண்களுக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை. 2011இல் இன்னும் வேகப்படுத்தினார்கள். அறுபதை நெருங்கும்போதுதான் இன்னும் ஐந்து ஆறு வருடம் காத்திருக்க வேண்டும் என்று பலருக்குத் தெரிந்தது. கடிதம் அனுப்புவதில் அரசுத் துறை தவறியது என்று 2024 மார்ச்சில் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் அறிக்கையே சொன்னது.

இடையில் ஒரு செய்தி. 65 வயதை ஜெர்மனியின் சான்சலராக இருந்த பிஸ்மார்க் தீர்மானித்தார் என்று அடிக்கடி சொல்வார்கள். ஜெர்மனியின் 1889 சட்டத்தில் இருந்தது 70. அதை 65ஆகக் குறைத்தது 1916இல். வயதைக் குறைத்த காலமும் இருந்தது என்பதற்காகச் சொன்னேன்.

கேள்வி: தொகையைக் குறைக்கவில்லை, வயதும் மாறவில்லை, "இப்போதுள்ள அளவிலேயே தொடரும்" என்கிறார்கள். நல்ல செய்திதானே?

இதைத்தான் நான் முதலில் பயப்படச் சொல்வேன். "இப்போதுள்ள அளவிலேயே" என்றால் விலைவாசி ஏறும், உங்கள் தொகை ஏறாது என்று பொருள்.

மாதம் 10,000 வாங்குகிறீர்கள். விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுகிறது. தொகை அப்படியே நிற்கிறது. பத்து வருடம் கழித்து அந்தப் பத்தாயிரத்துக்கு, இன்று 6,140க்கு வாங்குகிற அளவுதான் கிடைக்கும். யாரும் எதையும் வெட்டவில்லை. போராட்டம் இல்லை, தலைப்புச் செய்தி இல்லை. ஆனால் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கரைந்துவிட்டது.

இது கற்பனையல்ல. இந்தியாவின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் அதே 200தான். மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பதால்தான் கைக்கு வரும் தொகை கொஞ்சம் கூடுகிறது. அமெரிக்காவில் ஏழை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் தரும் எஸ்எஸ்ஐ உதவிக்குத் தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு 1989இலிருந்து அங்கேயே நிற்கிறது. அதாவது தொகையை மட்டுமல்ல, தகுதி வரம்பையும் உறையவைக்கலாம். அதுவும் ஒருவகை வெட்டுதான், ஆண்டுதோறும் கொஞ்சம் பேரைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளும்.

ஏற்றம் உண்டு என்றாலும், எதைப் பார்த்து ஏறும் என்று கேளுங்கள். பிரிட்டன் 1980இல் அரசு ஓய்வூதியத்தைச் சம்பள உயர்விலிருந்து பிரித்து விலைவாசியோடு மட்டும் கட்டியது. சம்பளம் பொதுவாக விலைவாசியைவிட வேகமாக ஏறும், ஆகவே ஓய்வூதியம் சம்பளக்காரர்களுக்குப் பின்னால் வருடாவருடம் தங்கிப்போனது. 2011இலிருந்துதான் சம்பளம், விலைவாசி, 2.5 சதவீதம் மூன்றில் எது அதிகமோ அது என்ற "மும்மைப் பூட்டு" வந்தது. வருடத்துக்கு ஒரு சதவீதப் புள்ளிதானே வித்தியாசம் என்று நினைப்போம். இருபது வருடத்தில் அது 18 சதவீதம்.

அகவிலைப்படி என்ற சொல் அறிவிப்பில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: கணக்கிடும் முறையை மட்டும் மாற்றுகிறார்களாம். சூத்திரம் புரியவில்லை.

சூத்திரத்தை விடுங்கள், எந்தச் சம்பளத்தை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கடைசி மாதச் சம்பளமா, கடைசி ஒரு வருடச் சராசரியா, ஐந்து வருடமா, பணிக்காலம் முழுதுமா? சராசரிக்கு எடுக்கும் காலம் நீள நீளத் தொகை இறங்கும்.

இந்தியாவில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ்-95இல் 2014 செப்டம்பரில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. அதே சமயத்தில் வந்த திருத்தத்தில், ஓய்வூதியச் சம்பளத்தைக் கடைசி 12 மாதச் சராசரிக்குப் பதிலாக 60 மாதச் சராசரியாகக் கணக்கிடுவது என்ற மாற்றமும் இருந்தது. வருடம் 8 சதவீத உயர்வு பெறும், ஓய்வூதியக் கணக்குக்கான சம்பள உச்சவரம்பைத் தொடாத ஒருவருக்கு, கடைசி வருடச் சம்பளம் 100 என்றால் ஐந்து வருடச் சராசரி சுமார் 86. அந்தப் பதினான்கு எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றுகிறார்கள் என்றால் அது இன்னும் பெரிய மாற்றம். பழைய முறையில் கடைசியில் இவ்வளவு கிடைக்கும் என்பது உறுதி. புதிய முறையில் மாதாமாதம் இவ்வளவு கட்டுவோம் என்பது மட்டுமே உறுதி, கடைசியில் கிடைப்பது சந்தையின் கையில். சிலி 1981இல் தனிநபர் கணக்குகளுக்கு மாறியபோது, புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய ராணுவ ஆட்சி, ராணுவத்தினரையும் காவல்துறையினரையும் பழைய முறையிலேயே விட்டுவைத்தது. எந்த முறை நல்லது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்!

கேள்வி: "தேவைப்படுவோருக்கு மட்டும்" என்று வருமான வரம்பு வைப்பது நியாயம்தானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சங்கதி.

3,000 உதவித்தொகை, வருமான வரம்பு 20,000 என்று வையுங்கள். உங்கள் வருமானம் 19,900. மொத்தம் 22,900 கையில். 200 சம்பளம் கூடுகிறது. 20,100 ஆகிவிட்டீர்கள், உதவி முழுதும் நின்றது. சம்பள உயர்வு வாங்கி 2,800 நஷ்டம்! இப்படி ஓரத்தில் பள்ளம் வெட்டி வைக்காமல், வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு நூறுக்கும் ஐம்பது குறைப்பது என்று சரிவாக வைக்கலாம். அறிவிப்பில் இருப்பது பள்ளமா சரிவா என்று பாருங்கள்.

அப்புறம், வரம்பு வைத்தால் தகுதியுள்ள எல்லோரும் வாங்கிவிடுவார்கள் என்பதும் இல்லை. படிவம் நிரப்பத் தெரியாதவர், கை நீட்டக் கூச்சப்படுபவர், தகவலே தெரியாதவர் எல்லாம் விடுபடுவார்கள். பிரிட்டன் 2024 ஜூலையில் முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவியை, வேறொரு ஏழ்மை உதவி பெறுபவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்த உதவிக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் ஏராளம், ஆகவே அவர்களுக்கு இரண்டுமே இல்லை. அடுத்த ஜூனிலேயே அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளவர்களுக்கு மறுபடி கொடுத்தது.

கேள்வி: மறுஆய்வு என்று சொல்லிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

மேல்முறையீடு. உடனே. காரணம் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல் உதவாது. கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் போட்ட தேதிக்கும் தபால் முத்திரைத் தேதிக்கும் பத்து நாள் இடைவெளி இருக்கலாம், கெடுவைக் கணக்கிடும்போது அந்த முத்திரைதான் உங்கள் சாட்சி.

நீங்கள் மட்டும்தான் விடுபட்டீர்கள் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக 2023இல் அஸ்வெசும வந்தபோது, பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பல லட்சம் பேர் மேல்முறையீடு செய்தார்கள். புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையிலும் இது நடக்கும்.

கேள்வி: "உங்களுக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதம் வந்திருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?

கணக்கைப் பார்க்காமல் கட்டாதீர்கள். அரசுக் கடிதம் என்பதாலேயே அது சரி என்று ஆகிவிடாது.

ஆஸ்திரேலியாவில் கூடுதலாக வாங்கிய உதவித்தொகையைக் கணினியே கணக்கிட்டுக் கடிதம் அனுப்பிய ரோபோடெட் திட்டத்தின் கதையைக் கேளுங்கள். ஒருவர் வருடத்தின் முதல் ஆறு மாதம் வேலை செய்து 26,000 சம்பாதித்தார் என்று வைப்போம். அடுத்த ஆறு மாதம் வேலையில்லை, உதவித்தொகை வாங்கினார். வருமானம் இருந்தபோது வாங்கவில்லை, இல்லாதபோது வாங்கினார். எல்லாம் முறைப்படி. கணினி என்ன செய்தது? வரித்துறையிலிருந்து ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களால் வகுத்தது. இருவாரத்துக்கு 1,000. "உதவி வாங்கிய ஒவ்வொரு இருவாரத்திலும் 1,000 சம்பாதித்து மறைத்திருக்கிறீர்கள்" என்று கடிதம் போயிற்று. இல்லை என்று நிரூபிப்பது வாங்கியவர் பொறுப்பு. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாட்டினார்கள். 2019இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசு தோற்றது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, 2023இல் விசாரணை ஆணையம் அந்தத் திட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பெற்றோரைப் பல்லாயிரக்கணக்கில் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திய விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

ஆகவே கேளுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை? ஒவ்வொரு மாதமும் எவ்வளவு? எந்த ஆவணத்தை வைத்து? கெடு முடியுமுன் "இதை ஏற்கவில்லை" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தின் தவறாலேயே கூடுதலாக வந்திருந்தால், பல நாடுகளில் அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஓய்வுபெற்றவர்களிடமிருந்தும் கீழ்நிலைப் பணியாளர்களிடமிருந்தும் அப்படிப்பட்ட தொகையைப் பிடிக்கக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது.

கேள்வி: உண்மையிலேயே அரசிடம் பணமில்லையா?

பாதி உண்மை. பெரும்பாலான நாடுகளில் இன்று வேலை செய்பவர் கட்டும் பணம்தான் இன்று ஓய்விலிருப்பவருக்குப் போகிறது. உங்கள் பெயரில் தனி உண்டியல் எதுவும் இல்லை. பிறப்பு குறைந்து ஆயுள் கூடினால் கட்டுபவர் குறைவு, வாங்குபவர் அதிகம். இது கணக்கு, மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சுமையைப் பங்களிப்பில் ஏற்றுவதா, வரியில் ஏற்றுவதா, வயதில் ஏற்றுவதா, தொகையில் இறக்குவதா என்பது அரசியல். "வேறு வழியே இல்லை" என்று ஓர் அமைச்சர் சொன்னால், மற்ற மூன்று வழிகளை ஏன் விட்டார் என்று கேட்கலாம்.

கேள்வி: கருத்துக் கேட்பில் எழுதினால் பலன் உண்டா?

உண்டு, எழுதும் விதத்தில். "ஏழைகள் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்று ஆயிரம் பேர் எழுதினால் அது ஒரே கடிதமாக எண்ணப்படும். "நான் இந்த வருடம் பிறந்தவன், இத்தனை வருடம் கட்டியிருக்கிறேன், பழைய விதிப்படி இவ்வளவு, புதிய விதிப்படி இவ்வளவு, நான் ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது" என்று எழுதுங்கள். கோடு கிழித்தவர்கள் யோசிக்காத ஆள் நீங்களாக இருக்கலாம்.

கேள்வி: இப்போதைக்கு வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு, சலிப்பான வேலை. விதி மாறும் சமயத்தில்தான் பழைய பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றுவார்கள், அப்போதுதான் பெயரில் ஓர் எழுத்தும் பிறந்த தேதியில் ஓர் எண்ணும் இடம்மாறிப் போகும். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பணிப்பதிவேடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதுகூட முக்கியம். பங்களிப்பு விவரத்தில் விட்டுப்போன மாதங்கள் உண்டா என்று பாருங்கள், இருந்தால் அந்த மாதச் சம்பளச் சீட்டைத் தேடியெடுங்கள். பழைய சீட்டுகள் வெப்பக் காகிதத்தில் அச்சிட்டவையாக இருந்தால் எழுத்து ஏற்கெனவே பாதி அழிந்திருக்கும், மீதி போவதற்குள் இன்றைக்கே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.